அக்காவின் பல்லுக்குக் கம்பி போட்ட வருடம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பல்லைப் பற்றிப் பேசாமல் எழுந்திருப்பதில்லை. எது ஆடுகிறது, எது விழுந்தது, யாருக்குக் கட்டுப்பல், யாருக்கு முறுக்கைப் பார்த்தாலே பயம். நானும் அதில் சளைத்தவள் இல்லை. ஆனால் போன வாரம் பண்டாரவளை பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்ததிலிருந்து வேறு பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று மனசு துடிக்கிறது. அவளுக்கு இருபது வயது இருக்கும். மேல்வரிசை முழுக்கக் கம்பி, கம்பியில் நீல நிறத்தில் குட்டிக் குட்டி ரப்பர் வளையங்கள். தோழியின் தோளில் கையைப் போட்டு, போனை உயரத் தூக்கி, அத்தனை கம்பியும் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. போகட்டும் என்று நின்று பார்த்தேன்.

என் அக்காவுக்கு அந்த வயதில் ஒரே ஒரு படம்தான் இருந்தது, அடையாள அட்டையில் இருந்த படம். அதிலும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கசப்பு மருந்தை விழுங்காமல் வைத்திருப்பவள் மாதிரி இருப்பாள்.

எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்கு இருபது. பூனாகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். லயம் என்கிற வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. அப்பாவுக்குத் தேயிலை ஆலையில் வேலை. அம்மா கொழுந்து பறித்தாள். அக்கா ஓ-லெவல் பாஸ் பண்ணிவிட்டு, தோட்டத்துப் புள்ளைக்காம்பராவில் உதவிக்கு இருந்தாள். அம்மாக்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது.

அக்காவுக்கு முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருந்தன. பக்கத்தில் ஒரு தெத்துப்பல், நிற்க இடம் கிடைக்காமல் ஈறின் உச்சியில் முளைத்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த மூன்று பல்லைச் சுற்றித்தான் அவளுடைய நாள் முழுவதும் நடந்தது என்று இப்போது நினைக்கிறேன். தேத்தண்ணியைச் சுவர்ப் பக்கம் திரும்பிக் குடிப்பாள். ஊரே கொய்யாக்காய் கடிக்கும்போது அவள் மட்டும் வேண்டாம் என்பாள். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் கூட்டமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள், இவள் குடத்தை மட்டும் பார்ப்பாள். அதனால் அவளுக்கு 'மகாராணி' என்று பெயர். அப்பாகூட அப்படித்தான் நினைத்தார். "நாலு எழுத்துப் படிச்சிட்டா மூஞ்சத் தூக்கி வச்சிக்கணுமா?" என்பார். ஒரு காலத்தில் அவளிடம் விளையாட்டாக ஏதாவது சொல்லிப் பார்த்திருக்கிறார். அவள் சிரிக்கவில்லை என்றதும் விட்டுவிட்டாராம்.

அவளுக்கு என்ன குரல் தெரியுமா உங்களுக்கு! பள்ளிக்கூடத்துச் சரஸ்வதி பூஜை நாடகத்தில் ராணி வேடத்துக்கு அவ்வளவு பாட்டு இருந்தது. அக்கா திரைக்குப் பின்னால் நின்று பாடினாள். மேடையில் வேறொரு பெண் கிரீடம் வைத்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள். டீச்சர் இதைப் பெரிய கருணையாக நினைத்துச் செய்தார். "பிள்ளைக்குக் கூச்சமா இருக்கும்ல" என்று அம்மாவிடம் சொன்னார், அம்மாவும் கையெடுத்துக் கும்பிட்டாள். கைதட்டல் எல்லாம் கிரீடத்துக்குப் போனது.

அம்மாவின் கவலை வேறு. அந்த வருடத் தொடக்கத்தில் அப்புத்தளையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வருவதற்கு முன்னால் அம்மா, "அவங்க போற வரைக்கும் வாயத் தொறக்காதடி" என்று அக்காவிடம் பத்து தடவை சொன்னாள். அக்காவும் திறக்கவில்லை. பேர் கேட்டார்கள், குனிந்துகொண்டாள். என்ன படிச்சிருக்கே என்றார்கள், அம்மா பதில் சொன்னாள். ஒரு வாரம் கழித்துத் தகவல் வந்தது, 'பொண்ணு ஊமைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்று. நான் குபீரென்று சிரித்துவிட்டேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வந்தவர்கள் குடித்த டம்ளர்கள் என்றைக்கோ கழுவி வைத்தவை, அவற்றை அக்கா மறுபடியும் எடுத்துக் கழுவினாள்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் ஒரு பல் டாக்டரம்மா வந்தார். சிங்களப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பிள்ளைகளோடு வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும் என்றார்கள். அம்மா மலையில் இருந்தாள், அக்கா புள்ளைக்காம்பராவிலிருந்து ஓடி வந்தாள். டாக்டரம்மா என் வாயைப் பார்த்து, "நல்லது, மிட்டாய் குறைங்க" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அக்கா வழக்கம்போல இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நங்கி, கை எடுங்க" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. அக்கா எடுக்கவில்லை. "பயம் வேணா. நான் பார்க்கிறது பல்லு மட்டும். உங்கள இல்ல."

அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் சொன்னது அது. ஆனால் அதைக் கேட்டதும் அக்காவின் கை தானாக இறங்கியது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, டாக்டரம்மாவின் முகம் கோணவே இல்லை. இரண்டு விரலால் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வயசு கொஞ்சம் போச்சு. ஆனா செய்யலாம். ரெண்டு பல்லு எடுக்கணும், பிறகு கம்பி. மாசம் ஒரு தடவை பதுளைக்கு வாங்க. வருவீங்களா?" என்றார்.

"வருவேன்" என்றாள் அக்கா. யாரையும் கேட்காமல் சொன்னாள்! அக்கா அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

வீட்டில் ரகளை. "ஆண்டவன் குடுத்த பல்ல புடுங்கிட்டு கம்பி மாட்டுறதா? இது என்ன வேலியா?" என்று அப்பா குதித்தார். அம்மா, "கல்யாணம் ஆகணும்ல, போயிட்டு வரட்டும்" என்றாள்.

"கல்யாணத்துக்கு இல்லம்மா" என்றாள் அக்கா.

"பின்ன எதுக்கு?"

அக்கா பதில் சொல்லவில்லை. அம்மா மறுபடி கேட்கவும் இல்லை. தனியாக அனுப்பக் கூடாது என்பதற்காகத் துணைக்கு என்னை அனுப்புவதாக முடிவானது. மாதத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் கிடையாது, பதுளை! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பண்டாரவளை வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில். அந்த ரயிலை எப்படிச் சொல்வது? நீங்களும் போயிருப்பீர்கள். எல்ல தாண்டியதும் அந்தப் பெரிய வளைவுப் பாலம், பிறகு சுரங்கம், பிறகு தெமோதரை. அங்கே ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றி, தான் நின்ற ஸ்டேஷனுக்கே அடியில் புகுந்து போகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் ஜன்னலை விட்டு வரவில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பெட்டியில் எல்லோரும் "ஹூ" என்று கத்துவார்கள், சின்னவர் பெரியவர் என்றில்லை. உள்ளே விளக்குக் கிடையாது, கும்மிருட்டு, கரிப்புகை மாதிரி ஒரு ஈர வாசனை. அன்றைக்கு அந்தச் சத்தத்துக்குள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குரல் கணீரென்று எழுந்தது. யாரடா இது என்று நான் திரும்பினேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் வந்தபோது அக்கா உதட்டை மூடிக்கொண்டு ஒன்றுமே தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் பளபளவென்று இருந்தது.

"அக்கா, நீயா?"

"என்னது?" என்றாள்.

அடுத்த சுரங்கத்தில் நான் கத்தாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவள்தான்! இருட்டில் வாயை முழுதாகத் திறந்து கத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். அடுத்த மாதம் கம்பித் தட்டு வந்தது. மேலண்ணத்தில் ஒட்டி உட்காருகிற மாதிரி ரோஜா நிறத் தட்டு, முன்பற்களை இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். டாக்டரம்மா மாதாமாதம் கம்பியை ஒரு திருகு திருகுவார், இரண்டு நாளைக்கு அக்காவுக்குக் கஞ்சிதான். தட்டைப் போட்டுக்கொண்டு பேசினால் எல்லாம் வழுக்கும். 'சாப்பிட்டியா' என்பது 'ஷாப்பித்தியா' என்று வரும். புள்ளைக்காம்பராவில் பேச ஆரம்பித்திருந்த வாண்டுகள் எல்லாம் "ஷாப்பித்தியா, ஷாப்பித்தியா" என்று அவள் பின்னாலேயே ஓடின. ஒரு மத்தியானம் நான் அங்கே போனபோது அவள் தரையில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை வாய்க்குப் போனது.

"என்கிட்டகூடவாக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். அன்றிலிருந்து என் முன்னால் மறைத்ததில்லை.

மூன்றாவது தடவை பதுளை போனபோதுதான் ரயிலில் அந்த விஷயத்தைச் சொன்னாள். முந்தைய வருடம் ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருந்தாள். எடுக்கவில்லை என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தாள். உள்ளே நடந்தது வேறு. கையை வாயிலிருந்து எடுக்கவே முடியவில்லையாம். "என்ன, பல்லு வலியா?" என்று கேட்டார்களாம். இவள் ஆமாம் என்று தலையாட்டினாளாம். அவ்வளவுதான், முடிந்தது.

"எனக்கு எல்லாப் பதிலும் தெரியும் குட்டி. ஒண்ணுகூட விடாம தெரியும்" என்றாள்.

அம்மா கேட்டதற்கு அன்று அவள் சொல்லாத பதில் இதுதான் என்று எனக்குப் பிடிபடப் பல வருடமானது.

அடுத்த மாதமே அவளுக்கு மறுபடி கடிதம் வந்தது. கிளினிக் இருக்கும் அதே நாளில், பதுளையில், பத்து மணிக்கு நேர்முகப் பரீட்சை! அந்தக் காலையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அக்கா நீலச் சேலை கட்டியிருந்தாள். தட்டோடு பேசினால் வழுக்கும், அதனால் உள்ளே போகும்போது கழற்றிவிட்டு, வெளியே வந்ததும் போட்டுக்கொள்வதாகத் திட்டம். எல்லவில் வடைக்காரர் ஏறினார். அக்கா தட்டைக் கழற்றி, வடை சுற்றிக் கொடுத்த தாளில் ஒரு துண்டைக் கிழித்து அதில் மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். சாப்பிட்டோம். அவள் ஜன்னல் பக்கம் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நான் நல்ல பிள்ளையாக எண்ணெய்த் தாள்களை எல்லாம் அள்ளினேன். தெமோதரையை விட்டு ரயில் கிளம்பியதும் மொத்தமாக வெளியே வீசினேன்.

"குட்டி, என் மடியில இருந்த பேப்பர் எங்க?"

வாயால் சொல்ல முடியாமல் ஜன்னலைக் காட்டினேன்.

அக்கா எழுந்து நின்றாள். ரயில் மலையைச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஸ்டேஷன் தெரிந்தது, அதற்குக் கீழே புதர் மண்டிய ஒரே பற்றைக்காடு. "அக்கா, இன்னும் கொஞ்சத்துல அதுக்கு அடியிலதானே போவோம், எட்டிப் பார்க்கலாம்" என்று உளறினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தோடு திரும்பி நடந்தால் தேடலாம், ஆனால் பத்து மணி போய்விடும். அதை அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. அதற்குள் சுரங்கம் வந்துவிட்டது. எல்லோரும் கத்தினார்கள். இருட்டில் அவள் கை என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. இறுக்கிப் பிடித்தபடியே இருந்தாள், நான்தான் அழுதேன். வெளிச்சம் வந்ததும் தன் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"அழாத. இறங்க வேணாம். போவோம்."

பதுளையில் ஒரு மாடிக் கட்டிடம். வெக்கைக்காக அறைக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நான் எதிரே பெஞ்சில் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள், ஒரு பெண். நடுவில் இருந்தவர் தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அட, போன வருஷமும் வந்தீங்கல்ல? பல்லு வலி சுகமாயிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார்.

அக்காவின் இடது கை கிளம்பியது. கை மோவாய் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. பிறகு இறங்கி மடியில் உட்கார்ந்துகொண்டது.

"பல்லு வலி இல்லங்க சார். அன்னைக்கு நான் பொய் சொன்னேன். என் பல்லு இப்படி இருக்குன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்கல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்த அம்மாள் முன்னால் சாய்ந்து கேட்டார். "வகுப்புல பிள்ளைங்க சிரிச்சா என்ன செய்வீங்க?"

"சிரிப்பாங்க மேடம். ரெண்டு நாளைக்குச் சிரிப்பாங்க. மூணாவது நாள் மறந்திருவாங்க. பெரியவங்கதான் மறக்கிறதில்ல."

பிறகு கேள்வி மேல் கேள்வி. அக்கா மணி மணியாகப் பதில் சொன்னாள். கடைசியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுப்பது போல நடத்திக்காட்டச் சொன்னார்கள். அவள் எழுந்து நின்று, புள்ளைக்காம்பராவில் பாடுகிற பாட்டைக் கைதட்டிப் பாடினாள். பக்கத்து அறையிலிருந்து கிளார்க்குகள் எட்டிப் பார்த்தார்கள். படிக்கட்டில் போன ஒருவர் நின்றுவிட்டார். நான் பெஞ்சில் நின்று துள்ளிக்கொண்டிருந்தேன். திரை இல்லை, கிரீடம் இல்லை. எல்லாப் பல்லும் தெரிய அக்கா பாடிக்கொண்டிருந்தாள்!

அங்கிருந்து நேரே டாக்டரம்மாவிடம் போனோம். "நான்தான் தொலைச்சிட்டேங்க" என்று பழியை அக்கா தன் மேல் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மா சிங்களத்தில் படபடவென்று ஏசினார். எங்கே தொலைத்தாய் என்று கேட்டார். தெமோதரையில், ரயிலுக்கு வெளியே என்றதும் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை, எனக்குத்தானே தெரியும்.

பல்லின் கதையை இங்கேயே சொல்லி முடித்துவிடுகிறேன். புதுத் தட்டு வருவதற்குள் பல் பழைய பக்கமே கொஞ்சம் நகர்ந்துவிட்டது. அடுத்த வருடம் டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். முன்பற்கள் ஓரளவு உள்ளே வந்தன, தெத்துப்பல் அப்படியே நின்றுவிட்டது. நான் தாளை வீசாமல் இருந்திருந்தால் முழுதும் சரியாகியிருக்குமோ என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "அட போடி" என்பாள். ஒன்று சொல்ல வேண்டும். பல் உள்ளே போன பிறகும் அந்தக் கை நெடுங்காலம் வாய்க்குப் போய்க்கொண்டுதான் இருந்தது. பல்லை நகர்த்தக் கம்பி இருந்தது, கைக்கு என்ன மாட்டுவது?

நியமனக் கடிதம் வந்தது. நமுனுகுல பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம், முதலாம் வகுப்பு. அப்பாவும் நானும் கொண்டுபோய் விட்டோம். அப்பா தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் முன்னால் நடந்தார். பெட்டியை இறக்கிவிட்டு வராந்தாவில் ஓரமாக நின்றோம். உள்ளே அக்கா பேர் கேட்டுக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒரு பொடிப்பெண் எழுந்து, "டீச்சர், உங்க பல்லு ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பா உள்ளே போய்விடுவார் போல ஒரு அடி எடுத்து வைத்தார்.

"எப்படி இருக்கு? கிட்ட வந்து பாரு" என்றாள் அக்கா. குனிந்து வாயைத் திறந்து காட்டினாள். அந்தப் பெண் விரலை நீட்டித் தெத்துப்பல்லைத் தொட்டது. அவ்வளவுதான், வகுப்பே எழுந்து வந்து சூழ்ந்துகொண்டது. "டீச்சர், எனக்கு விழுந்திருச்சி." "டீச்சர், எனக்கு ஆடுது பாருங்க." "எனக்கு ரெண்டு இல்ல!" ஆளாளுக்கு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு நின்றன. அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, வராந்தா அதிரச் சிரித்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அப்பா, "சின்னவளே" என்றார்.

"என்னப்பா?"

"அவ எப்பவும் இப்படித்தான் சிரிப்பாளா?"

"ஆமாப்பா. புள்ளைக்காம்பராவுல சிரிப்பா, ரயில்ல சிரிப்பா, என்கிட்ட சிரிப்பா."

"வீட்டுல சிரிச்சதில்லையே?"

நான் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே, யோசிக்காமல், "வீட்டுல நீங்க இருப்பீங்களேப்பா" என்றேன்.

பசறை வந்தது. நாங்கள் பதுளை வரைக்கும் போக வேண்டும். அப்பா எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். நமுனுகுலவுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கடைக்காரரிடம் கேட்டார்.

"எதுக்குப்பா திரும்பப் போறோம்?"

"பெட்டிச் சாவியக் குடுக்க மறந்துட்டேன்" என்றார்.

அந்தப் பெட்டிக்குப் பூட்டே கிடையாது.